பேஞ்சோ கம்பியை எப்போது மாற்றுவது? நாலாவது கம்பியைக் கேளுங்கள்

அறுந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரே செட்டை வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு, ஆரம்பத்தில் நானும் அந்தக் கோஷ்டிதான். கம்பி அறுவதற்கு ரொம்ப நாள் முன்பே செத்துப்போயிருக்கும். சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால் தினமும் கேட்கிற காதுக்கு அது பிடிபடாது, அவ்வளவுதான்.

தினமும் வாசிப்பவருக்கு ஒன்றிரண்டு மாதம், எப்போதாவது எடுப்பவருக்கு ஆறு மாதம் என்று குத்துமதிப்பாகச் சொல்லலாம். ஆனால் காலண்டரை ரொம்ப நம்ப வேண்டாம், சிலருடைய கை வியர்வைக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே கம்பி கறுத்துவிடும்.

நான் கேட்பது நாலாவது கம்பியைத்தான். ஐந்து கம்பி பேஞ்சோவின் வழக்கமான ஸ்டீல் செட்டில் மற்ற நாலும் வெறும் கம்பி, இது ஒன்றுக்கு மட்டும் மேலே இன்னொரு மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றியிருக்கும். அந்த இடுக்குகளில் வியர்வையும் அழுக்கும் போய் அடைந்துகொண்டால் துணியால் எவ்வளவு துடைத்தாலும் முழுதாக வராது, அதனால் பெரும்பாலும் முதலில் சாவது இதுதான். புதிதில் மணி மாதிரி நீண்டு ஒலித்தது இப்போது 'டொக்' என்று அடங்கிவிடுகிறதா, செட்டையே மாற்றுங்கள்.

அடுத்தது விரல். ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்) மேலே ஒவ்வொரு கம்பியின் அடிப்பக்கமும் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டுப்பட்டால் கம்பி அங்கே தேய்ந்திருக்கிறது. சொரசொரப்பு, துரு, வாசித்து முடித்ததும் விரல் நுனியில் கறுப்பு, இதெல்லாம் அதே கதைதான்.

இன்னொன்று சுருதி. 12-வது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டி ஹார்மானிக் (மணி மாதிரி ஒலிக்கும் மேல் சுரம்) எடுங்கள், அப்புறம் அதே இடத்தில் அழுத்தி வாசியுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். போகவில்லை என்றால் உடனே பிரிட்ஜை (கம்பிகளைத் தாங்கி நிற்கும் சின்ன மரத்துண்டு) நகர்த்தப் போகாதீர்கள், சமமில்லாமல் தேய்ந்த கம்பியும் இதே வேலையைச் செய்யும், முதலில் கம்பியை மாற்றிவிட்டுப் பாருங்கள்.

கிளாஹாமர் (நகத்தால் கீழ்நோக்கி அடித்து வாசிக்கும் பாணி) வாசிப்பவர்களில் பலருக்கு இந்த மங்கிய சத்தம்தான் பிடிக்கும், சுருதி நிற்கிறவரை அவர்கள் மாற்றாமல் இருப்பதில் தப்பே இல்லை. விரலில் மெட்டல் பிக் (மீட்டுவதற்கான உலோக நகம்) போட்டு வேகமாக உருட்டுகிறவர்களுக்குத்தான் பளிச்சென்ற சத்தம் அவசியம்.

ஒன்று மட்டும் அறுந்தால்? செட் புதிது என்றால் அதை மட்டும் மாற்றினால் போதும். நிறைய செட்டுகளில் ஒன்றாவதும் ஐந்தாவதும் ஒரே கனம் என்பதால் ஒரு உபரிக் கம்பி இரண்டுக்கும் ஆகும். பழைய செட் என்றால் ஐந்தையும் மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் புதியது மட்டும் தனியாகக் கத்தும்.

மாற்றும்போது ஒவ்வொன்றாகத்தான். முதல் தடவை நான் ஐந்தையும் ஒரே மூச்சில் கழற்றினேன், பிரிட்ஜ் சாய்ந்து மடியில் விழுந்தது. அதை ஒட்டியிருக்க மாட்டார்கள், கம்பிகளின் இறுக்கம்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது நின்ற இடத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாயங்காலம் முழுசாகப் போயிற்று. எதற்கும் பிரிட்ஜின் கால்கள் நிற்கிற இடத்தில் பென்சிலால் லேசாக அடையாளம் வைத்துவிடுங்கள்.

வாங்கும்போது உங்கள் டெயில்பீஸுக்கு (கம்பியின் அடி நுனியை மாட்டும் பகுதி) நுனியில் வளையம் உள்ள கம்பியா, குண்டு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். வளையத்தைக் கொக்கியில் மாட்டியபின் ஒரு கையால் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டே முறுக்குங்கள், கொஞ்சம் தளர்ந்தாலும் வளையம் கழன்றுவிடும். பெக்கில் (சுருதி சேர்க்க முறுக்கும் முளை) இரண்டு மூன்று சுற்று போதும். மிச்சத்தை ஒட்ட நறுக்கிவிடுங்கள், அந்த நுனி ஊசி மாதிரி குத்தும்.

சுருதி சேர்த்ததும் கம்பியை விரலால் மெதுவாக மேலே இழுத்துவிட்டு மறுபடி சேருங்கள், இப்படி நாலைந்து தடவை. அப்படியும் முதல் ஒன்றிரண்டு நாள் சுருதி இறங்கிக்கொண்டேதான் இருக்கும், கம்பி சரியில்லை என்று அவிழ்த்துவிடாதீர்கள்.