குளிர்நீர் டைவிங்: பார்வைத் தூரத்தைக் கணிப்பதில் நடக்கும் தவறுகள்

குளிர்ந்த நீரில் ஸ்கூபா டைவ் செய்பவர்கள் பலரும் பார்வைத் தூரத்தை ஒரே எண்ணாகச் சொல்லிப் பழகிவிட்டார்கள். "இன்னைக்கு அஞ்சு மீட்டர் தெரியுது" என்று கரையில் யாராவது சொன்னால் போதும், மொத்தத் திட்டமும் அதை நம்பியே போடப்படும். ஆனால் நீரின் தெளிவு ஆழத்துக்கு ஆழம் மாறும், நேரத்துக்கு நேரமும் மாறும்.

கோடைக்கால ஏரியைப் பாருங்கள். வெயிலில் சூடான மேல்நீர் லேசாகி, அடியில் இருக்கும் கனத்த குளிர்நீரோடு கலக்காமல் தனி அடுக்காக நிற்கும். பாசி பெரும்பாலும் அந்த மேலடுக்கில்தான் பெருகும். கரையிலிருந்து எட்டிப் பார்த்தால் பச்சையாகக் கலங்கிக் கிடக்கும், பலர் அப்படியே திரும்பிவிடுவார்கள். இந்த இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே வெப்பம் சட்டென்று குறையும் தெர்மோகிளைனைத் தாண்டி இறங்கினால் நீர் சட்டென்று தெளிந்திருக்கலாம். மேலே பாசி வெளிச்சத்தை மறைப்பதால் இருட்டாக மட்டும் இருக்கும். நேர்மாறாக, மேலே நல்ல தெளிவும் அடியில் வண்டல் கலங்கலும் இருக்கும் நாட்களும் உண்டு. அதனால் கயிற்றைப் பிடித்து மெதுவாக இறங்கி, ஒவ்வொரு அடுக்கிலும் நின்று பார்ப்பதே சரி. எவ்வளவு மோசமானால் டைவை முடித்துக்கொள்வது என்பதைத் தண்ணீரில் இறங்கும் முன்பே துணையோடு பேசிவிட வேண்டும்.

உப்புநீரின் மேல் நன்னீர் மிதக்கும் ஃபியோர்டு (செங்குத்தான மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடற்கழி) போன்ற இடங்களில், இரண்டும் சேரும் எல்லையில் காட்சி நெளிந்து மங்கும். மாஸ்க்கில் ஏதோ கோளாறு என்று பதறவேண்டாம். கொஞ்சம் மேலோ கீழோ நகர்ந்தால் சரியாகிவிடும்.

குளிர்ந்த நீர் என்றாலே தெளிவு என்பது அடுத்த தப்புக் கணக்கு. 1986 அக்டோபரில் அண்டார்க்டிகாவின் வெட்டெல் கடலில் இறக்கிய செக்கி தட்டு (நீரின் தெளிவை அளக்க இறக்கும் வட்டத்தட்டு) சுமார் 80 மீட்டர் ஆழம் வரை கண்ணுக்குத் தெரிந்தது. அதே கண்டத்தின் மக்மர்டோ பகுதியில் கோடையில் பிளாங்டன் எனும் மிதக்கும் நுண்ணுயிர்கள் பெருகியதும் பார்வைத் தூரம் சில மீட்டராகச் சுருங்கிவிடும். நீரோ அப்போதும் உறைநிலையை ஒட்டித்தான் இருக்கும். பிளாங்டனைப் பெருக்குவது வெளிச்சமும் சத்துகளும். அதனால்தான் மிதவெப்பக் கடல்களில் குளிர்காலத்தில் நீர் தெளிந்து, வசந்தத்தில் கலங்குகிறது.

கரையில் காற்று இல்லை என்பதை மட்டும் பார்த்து இறங்குவதும் தவறு. அலையின் அசைவு அதன் நீளத்தில் பாதி ஆழம் வரை எட்டும். 5 விநாடிக்கு ஒருமுறை வரும் அலை ஏறக்குறைய 20 மீட்டர் வரையும், 10 விநாடி அலை 75 மீட்டருக்கும் கீழேயும் நீரை அசைக்கும். எங்கோ தொலைவில் அடித்த புயலின் அலை அமைதியான காலையிலும் அடிமணலைக் கிளப்பிக்கொண்டிருக்கும். ஓதத்தையும், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதையும் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீரோட்டம் வலுக்கும், வண்டலும் எழும். ஆற்றுமுகங்களுக்கு அருகே வற்றத்தின்போது கலங்கல் நீர் கடலுக்கு வரும், ஏற்றம் முடிந்து நீர் நிற்கும் நேரத்தில் பெரும்பாலும் தெளிவு கூடும்.

இயற்கையைவிட டைவர்களே கலக்கிவிடும் நீர்தான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. உடலில் நீர் படாமல் உள்ளே காற்றோடு இருக்கும் டிரை சூட்டின் மிதப்பைச் சமாளிக்க இடுப்பில் ஈயத்தை அள்ளிக் கட்டுகிறார்கள். கால் தாழ்ந்து உடல் சாய்ந்துவிடுகிறது. அப்புறம் ஒவ்வொரு உதையிலும் காலில் மாட்டிய துடுப்பு நீரைக் கீழ்நோக்கித் தள்ள, களிமண் புகையாக எழுகிறது. நுண்ணிய களி என்றால் அந்த டைவ் முடியும்வரை படியாது. உதைத்தவர் முன்னால் போய்விடுவார், பின்னால் வருபவர் குருடாகிவிடுவார். சிலிண்டர் கிட்டத்தட்ட காலியான நிலையில் 5 மீட்டர் ஆழத்தில் அசையாமல் நிற்க முடிகிற அளவு ஈயம் போதும். உடலைக் கிடைமட்டமாக வைத்து, முழங்காலை மடக்கி, தவளை உதையில் நீரைப் பின்னோக்கித் தள்ளப் பழகுங்கள்.

கலங்கலில் டார்ச்சின் வெளிச்சத்தைக் கூட்டினால் கூடுதலாகத் தெரியும் என்று நினைக்கிறார்கள். மூடுபனியில் வண்டியின் ஹைபீமைப் போட்டதுபோலத்தான் ஆகும், துகள்களில் பட்ட ஒளி கண்ணுக்கே திரும்பும். குறுகிய கற்றையுள்ள டார்ச்சைக் கண்ணிலிருந்து விலக்கி, பக்கவாட்டில் பிடியுங்கள். தலையில் மாட்டும் விளக்கு இதற்கு உதவாது.

குளிரில் மாஸ்க் எளிதில் ஆவிபடியும், அதை நீரின் கலங்கல் என்று எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. தேவையில்லாமல் மூக்கால் மூச்சு விடாதீர்கள்.

தெளிவான நீரில் வைக்கும் இடைவெளியையே கலங்கலிலும் வைத்தால் துணை காணாமல் போவார். தெரியும் தூரத்தில் பாதிக்குள் இருங்கள், தேவைப்பட்டால் கை எட்டும் தூரத்துக்கு வாருங்கள். கலங்கலில் பொருட்கள் உண்மையைவிடத் தொலைவில் இருப்பதாகவும் தோன்றும். துணையைக் காணவில்லை என்றால் ஒரு நிமிடம் தேடிவிட்டு, பாதுகாப்பான வேகத்தில் மேலே போய்ச் சேர்ந்துகொள்வதே வழக்கமான விதி.

மிகத் தெளிவான நீரும் ஏமாற்றும். ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவில் 2 முதல் 4 டிகிரி குளிரில் 100 மீட்டர் வரை தெரியும். அடித்தளம் பக்கத்தில் இருப்பதாகத் தோன்ற, ஆழம் உறைக்காமலே இறங்கிக்கொண்டே போகலாம். அங்கே கண்ணை நம்பாமல் கையில் கட்டிய டைவ் கணினியின் ஆழ எண்ணை அடிக்கடி பார்க்க வேண்டும்.