முகத்தில் முடி வளர்ச்சி: ஹார்மோன் டெஸ்ட்டுக்கு எப்போது, எப்படி ரத்தம் கொடுப்பது?

பெண்களுக்குத் தாடை, மேலுதடு, மார்பு, தொப்புளுக்குக் கீழே என்று ஆண்களுக்கு முளைக்கிற இடங்களில் கருப்பாக, தடித்த முடி வந்தால்தான் ஹார்மோன் டெஸ்ட் தேவை, மெல்லிய பூனைமுடிக்கு வேண்டாம். எந்த டெஸ்ட் என்று கேட்பவர்கள் எந்த நாளில், எந்த நேரத்தில் என்று கேட்பதில்லை. ஆனால் ரிப்போர்ட்டை நம்பலாமா கூடாதா என்பது அதில்தான் இருக்கிறது.

பீரியட்ஸ் தொடங்கிய முதல் நாளை 1 என்று எண்ணி, 2 முதல் 5-ம் நாளுக்குள், காலையில் சீக்கிரமே போய் ரத்தம் கொடுங்கள். பெண்களுக்கும் கொஞ்சம் சுரக்கிற ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி) கோளாறைக் கண்டுபிடிக்கப் பார்க்கிற 17-ஓஹெச் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் கருமுட்டை வெளியான பிறகு தானாகவே ஏறிவிடும் என்பதால், 20-ம் நாளில் எடுத்துவிட்டு அட்ரீனல் கோளாறோ என்று வீணாகப் பயப்படுபவர்கள் உண்டு. பீரியட்ஸே வராமல் இருந்தால் காத்திருக்க வேண்டாம், முதலில் கர்ப்பப் பரிசோதனை, அப்புறம் எந்த நாளில் ரத்தம் கொடுப்பது என்று டாக்டர் முடிவு செய்வார்.

கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்துக் காட்டும், அதன் தாக்கம் அடங்க சுமார் 3 மாதமாவது ஆகும், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லிவிட்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள். முடி உதிர்வுக்கு விற்கிற பயோட்டின் மாத்திரைகளும் சில லேப் முறைகளைக் குழப்பி டெஸ்டோஸ்டிரோனை ஏற்றியும் டிஎஸ்ஹெச்-ஐ (தைராய்டு டெஸ்ட்) இறக்கியும் காட்டிவிடும், அதனால் இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள், அதிக டோஸ் என்றால் இன்னும் முன்பாக. த்ரெடிங், வேக்ஸிங் எல்லாம் ரத்த முடிவை மாற்றாது. ஆனால் டாக்டரைப் பார்க்கப் போகும் முன் சில வாரம் விட்டுவிட்டுப் போவது நல்லது. உடலின் 9 இடங்களில் முடியைப் பார்த்து மதிப்பெண் போடுவார், வழித்துவிட்டுப் போனால் எதைப் பார்ப்பார்?

பொதுவாக எழுதித் தருவது மொத்த டெஸ்டோஸ்டிரோன், எஸ்ஹெச்பிஜி, டிஹெச்இஏ-எஸ் (அட்ரீனலில் சுரக்கும் ஆண் ஹார்மோன் வகை), 17-ஓஹெச் புரோஜெஸ்டிரோன். பீரியட்ஸும் தள்ளிப்போனால் புரோலாக்டின் (பால் சுரப்புக்கான ஹார்மோன்), டிஎஸ்ஹெச் சேரும். இதில் எஸ்ஹெச்பிஜி-யை விடவே கூடாது என்பேன். டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் அது, உடல் எடையோ இன்சுலின் எதிர்ப்போ (இன்சுலின் இருந்தும் உடலில் சரியாக வேலை செய்யாத நிலை) கூடும்போது குறைந்துபோகும். அப்போது மொத்த அளவு நார்மல் என்று வந்தாலும், கட்டுப்படாமல் ரத்தத்தில் சுற்றுகிற டெஸ்டோஸ்டிரோன் அதிகமாக இருக்கும், வேலை செய்வதும் அதுதான்.

எல்லாமே நார்மலாக வந்தால் "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட விடாதீர்கள். முடிவேர்கள் சாதாரண அளவு ஹார்மோனுக்கே கூடுதலாக வளரும் உடல்வாகு உண்டு, அதற்கும் சிகிச்சை இருக்கிறது, பலன் தெரிய 6 மாதமாவது ஆகும்.

ஒன்றே ஒன்றில் மட்டும் நாள் பார்க்காதீர்கள்: சில மாதங்களுக்குள் முடி வேகமாகப் பரவுவது, குரல் கனத்துப்போவது, முன்தலை வழுக்கை. டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 150 நானோகிராமைத் தாண்டினாலும் அப்படித்தான். சினைப்பையிலோ அட்ரீனலிலோ கட்டி இருக்கிறதா என்று உடனே ஸ்கேன் பார்த்தாக வேண்டும்.