ஹோஸ்டிங் விற்பவர் கடைப்பிடிக்க வேண்டியவை

இணையதளங்களைத் தன் சர்வரில் வைத்து நடத்தித் தரும் ஹோஸ்டிங் நிறுவனம் நாணயமானதா என்பது வாடிக்கையாளர் வேறிடம் போக நினைக்கும் நாளில்தான் தெரியும். ஆகவே, ரீசெல்லராக, அதாவது பெரிய நிறுவனத்திடம் ஹோஸ்டிங் வாங்கிப் பிரித்து விற்பவராகத் தொழில் தொடங்குபவர் முதலில் சீர்செய்ய வேண்டியது வாடிக்கையாளர் வெளியேறும் வழியை.

அதில் முதலாவது டொமைன், அதாவது தளத்தின் இணையப் பெயர். வேலை சுலபம் என்று பலர் எல்லா டொமைன்களையும் தம் பெயரிலும் தம் மின்னஞ்சலிலும் பதிந்துவிடுகிறார்கள். பதிவுப்படி உரிமையாளர் அப்போது விற்றவர்தான். வாங்கியவர் கையில் ரசீது மட்டும் மிஞ்சும். வாடிக்கையாளரின் பெயரையும் அவருடைய மின்னஞ்சலையும் கொடுத்தே பதியுங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இயங்குவதாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மின்னஞ்சலும் நின்றுவிடும். காலாவதிக்குப் பின் வரும் அறிவிப்பு யாருக்கும் போய்ச் சேராது. .காம் போன்ற டொமைன்களுக்கு டொமைன்களை ஒழுங்குபடுத்தும் ஐகான் அமைப்பின் விதிப்படி சுமார் ஒரு மாதம் முன்பும், ஒரு வாரம் முன்பும், காலாவதியான 5 நாட்களுக்குள்ளும் நினைவூட்டல் போக வேண்டும். அதையும் தவறவிட்டு ரிடெம்ப்ஷன் காலத்துக்குள் (நீக்கப்பட்ட டொமைனைப் பழைய உரிமையாளர் மீட்கக் கிடைக்கும் கடைசி அவகாசம்) போய்விட்டால் மீட்கத் தனிக் கட்டணம் ஆகும். அந்தத் தொகையை விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

டொமைனை வேறு பதிவு நிறுவனத்துக்கு மாற்றத் தேவையான ரகசியக் குறியீடான ஆத் கோட் கேட்டால் தாமதிக்காமல் கொடுங்கள். ஐகான் தரும் உச்ச அவகாசம் 5 நாட்கள். ஹோஸ்டிங் பாக்கிக்காக டொமைனைப் பிடித்து வைப்பது அநியாயம். பாக்கியைத் தனியாக வசூலிக்கலாம்.

விலைப் பக்கத்தில் முதல் ஆண்டு விலையும் புதுப்பிப்பு விலையும் ஒரே அளவு எழுத்தில், அருகருகே இருக்கட்டும். தளத்தின் இணைப்பைப் பாதுகாக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு விலை கிடையாது. அதை நிறுவித் தருவதற்குக் கூலி வாங்கினால் ரசீதில் நிறுவல் கட்டணம் என்றே எழுதுங்கள்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லை விட்டுவிடுங்கள். பல தளங்கள் பகிரும் ஷேர்டு சர்வரில் டிஸ்க் நிறையும் முன்பே ஐநோட் (கோப்புகளின் எண்ணிக்கை), சிபியு, என்ட்ரி பிராசஸ் வரம்புகளில் தளம் முட்டி நிற்கும். பல மெயில் சர்வர்களில் ஒவ்வொரு மின்னஞ்சலும் ஒரு தனிக் கோப்பு. பழைய அஞ்சலை அழிக்காதவருக்கு டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும்போதே ஐநோட் தீர்ந்துவிடும். என்ட்ரி பிராசஸ் 20 என்றால் ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பிஎச்பி (தளத்தை இயக்கும் நிரல்) கோரிக்கைகள் 20 என்று பொருள்; வருகையாளர் 20 பேர் என்றல்ல. தாண்டினால் கிளவுட்லினக்ஸ் இயங்குதளம் உள்ள சர்வரில் 508 பிழை வரும். இந்த எண்களைத் திட்டத்தின் பக்கத்திலேயே போடுங்கள். அப்டைமும் (சர்வர் நிற்காமல் ஓடும் நேரம்) அப்படித்தான்: 99.9% என்றால் 30 நாளில் 43 நிமிடம் நிற்கலாம் என்று விளக்கி, அதைத் தாண்டினால் எவ்வளவு கழித்துத் தருவீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள்.

பேக்கப் வேறு ஊரில், வேறு டேட்டா சென்டரில் இருக்க வேண்டும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்கில் ஓவிஎச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, அதே வளாகத்தில் பேக்கப் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் தளத்தையும் பேக்கப்பையும் சேர்த்தே இழந்தார்கள். ஓடிக்கொண்டிருக்கும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே நகலெடுக்காதீர்கள், முரண்பட்ட தரவுதான் கிடைக்கும், டம்ப் (தரவை ஏற்றுமதி செய்த கோப்பு) எடுங்கள். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கணக்கை வேறு சர்வரில் மீட்டு, உள்நுழைந்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பைக் காட்டி விற்கவே கூடாது.

சர்வர் படுத்தால், காரணம் தெரியாவிட்டாலும் 15 நிமிடத்துக்குள் முதல் தகவலைக் கொடுங்கள்: எந்த சர்வர், மின்னஞ்சல் வருகிறதா, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. நிலவரப் பக்கம் அதே நெட்வொர்க்கில் இருந்தால் அதுவும் சேர்ந்து படுத்துவிடும். தளம் ஹேக் ஆகி ஸ்பாம் போனால் வெளியேறும் அஞ்சலை உடனே நிறுத்துவது சரிதான்; பொது ஐபி கறுப்புப் பட்டியலில் விழுந்தால் பக்கத்துக் கணக்குகளும் பாதிக்கப்படும். ஆனால் வாடிக்கையாளரின் கோப்புகளை அழிக்காதீர்கள். தொற்றிய கோப்புகளின் பாதைகளை அனுப்பி அவகாசம் கொடுங்கள்.

விலகுபவருக்கு முழு பேக்கப்பைக் கொடுத்து, மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே டிடிஎல்லை (டொமைனின் முகவரி விவரத்தை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 300 நொடியாகக் குறைக்கச் சொல்லுங்கள். பழைய கணக்கை ஒரு வாரம் வைத்திருங்கள், தாமதமாக வரும் அஞ்சல் அங்கே விழலாம். எம்எக்ஸ் (அஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்ற பதிவு) மாறியதும், ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் ஈமெயில் ரூட்டிங்கை ரிமோட் (வெளி சர்வர்) என மாற்றுங்கள். மாற்றாவிட்டால் அதே சர்வரில் உள்ள மற்றவர்கள் அவருக்கு அனுப்பும் அஞ்சல் பழைய பெட்டிக்கே போகும், அனுப்பியவருக்குப் பிழைச் செய்தியும் வராது.