ராணுவத்திலிருந்து எச்.ஆர். வேலைக்கு: முதலில் மாற்ற வேண்டியது பேச்சை

ராணுவத்தில் பத்துப் பதினைந்து வருடம் இருந்துவிட்டு வெளியே வருகிறவர்கள் எச்.ஆர். (ஒரு நிறுவனத்தின் பணியாளர்களைப் பார்த்துக்கொள்ளும் மனிதவளத் துறை) பக்கம் போகலாமா என்று கேட்கும்போது, கூடவே "எனக்கு ஆட்களைக் கையாளத் தெரியும்" என்றும் சொல்வார்கள். நானும் அப்படிச் சொல்லிக்கொண்டுதான் வெளியே வந்தேன். முதல் மூன்று இன்டர்வியூவிலும் அது எடுபடவில்லை. எதிரே இருந்தவர்கள் காதில் "நான் சொன்னால் கேட்பார்கள்" என்று விழுந்திருக்கிறது, எச்.ஆரில் நடக்காத காரியமே அதுதான். அங்கே யாரும் உங்களுக்குக் கீழே இல்லை. மேனேஜர் உங்கள் பேச்சைக் கேட்க வேண்டும் என்று கட்டாயமில்லை, பிடிக்காத தொழிலாளி நாளைக்கே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம். அதிகாரமே இல்லாமல் ஒரு காரியத்தை நடத்திக் காட்டியதுண்டா என்றுதான் அவர்கள் பார்க்கிறார்கள். உண்டு, உங்களிடம் அப்படி நிறைய இருக்கும். சொல்கிற விதத்தில்தான் கோளாறு.

ரெஸ்யூமேயை அப்புறம் எழுதலாம். எச்.ஆரில் எந்தப் பக்கம் போகப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள், ஏனென்றால் அது ஒரே வேலை இல்லை. ஆள் எடுப்பது ஒன்று, சம்பளமும் சலுகைகளும் பார்ப்பது இன்னொன்று, பயிற்சி தனி, புகார் விசாரணையும் தொழிலாளர் உறவும் தனி. படைப்பிரிவு அலுவலகத்தில் விடுப்பு, சம்பளம், பணிப்பதிவு என்று எழுதிக் குவித்தவருக்குப் பேரோல், அதாவது சம்பளக் கணக்குப் பக்கம் சீக்கிரம் பிடிபடும். பயிற்சி மையத்தில் இருந்தவர் நேராகப் பயிற்சிப் பிரிவுக்குப் போகலாம். "எச்.ஆரில் எந்த வேலையாக இருந்தாலும் சரி" என்று சொன்னால், எதற்கும் தயாராக இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

சரி, ரெஸ்யூமே. ஒரே ஒரு வரியைப் பார்ப்போம். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: "மூன்று ஆண்டுகள் கம்பெனி நிர்வாகப் பொறுப்பு, நாமினல் ரோல் பராமரிப்பு, ஜவான்களின் நலன்." இதில் முதல் சிக்கலே "கம்பெனி". உங்களுக்கு அது நூற்றிச் சொச்சம் பேர் கொண்ட படைப்பிரிவு, படிக்கிற எச்.ஆர். பெண்ணுக்கோ ஏதோ தனியார் நிறுவனம். நாமினல் ரோல் என்றால் படைப்பிரிவில் உள்ளவர்களின் பெயர்ப்பட்டியல் என்று அவருக்குத் தெரியாது. "நலன்" என்ற சொல்லில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அதே மனிதரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பேசிய பிறகு அந்த வரி இப்படி ஆனது: "120 பேரின் பணிப்பதிவு, விடுப்பு, சம்பள மாற்றங்களை மூன்று ஆண்டுகள் கவனித்தேன், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு முதல் வார அறிமுகத்தை நடத்தினேன், விடுப்பு விண்ணப்பம் மேசையில் கிடந்த நாட்களை ஒன்பதிலிருந்து மூன்றாகக் குறைத்தேன்." புதிதாக ஒன்றும் சேர்க்கவில்லை, செய்ததுதான். எண்கள் உங்களுடையவையாக, கேட்டால் விளக்கக்கூடியவையாக இருக்கட்டும். படைப்பிரிவு எங்கே இருந்தது, என்ன நடவடிக்கை என்பதெல்லாம் ரெஸ்யூமேயில் வரவே கூடாது.

நிறைய நிறுவனங்களில் ரெஸ்யூமே முதலில் ஏ.டி.எஸ். என்ற, விண்ணப்பங்களைச் சேர்த்து வைத்துத் தேட உதவும் மென்பொருளுக்குள்தான் விழும். விளம்பரத்தில் "ஆன்போர்டிங்" (புதிதாகச் சேர்ந்தவரை வேலைக்குப் பழக்குவது) என்று இருந்து நீங்கள் "வரவேற்பு" என்று எழுதியிருந்தால், தேடும்போது உங்கள் பெயர் வராமலே போகலாம். விளம்பரத்தில் உள்ள சொல்லையே எடுத்துப் போடுங்கள், செய்திருந்தால் மட்டும். அப்புறம், சேவையில் இல்லாத யாரிடமாவது, மச்சானோ பக்கத்து வீட்டுக்காரரோ, உரக்க வாசித்துக் காட்டுங்கள். அவர் "அப்படின்னா?" என்று கேட்கிற ஒவ்வொரு சொல்லையும் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள்.

சான்றிதழ் தேவையா என்றால், முதல் கதவைத் திறக்க உதவும், அவ்வளவுதான். எச்.ஆர்.சி.ஐ. என்ற அமெரிக்கச் சான்றிதழ் அமைப்பு நடத்தும் ஏ.பி.எச்.ஆர். என்ற தொடக்கநிலைத் தேர்வுக்கு எச்.ஆர். அனுபவமே கேட்பதில்லை, அதனால் புதிதாக வருகிறவருக்கு அது தோதானது. அதற்கு அடுத்த பி.எச்.ஆருக்கு முதுகலை இருந்தால் 1 வருடம், இளங்கலை இருந்தால் 2, பட்டமே இல்லையென்றால் 4 வருட எச்.ஆர். அனுபவம் வேண்டும். ராணுவத்தில் பணியாளர் நிர்வாகத்திலேயே இருந்தவர் என்றால், அந்த வருடங்கள் கணக்கில் சேருமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். பிரிட்டன் வழி வேலைகளுக்கு சி.ஐ.பி.டி. என்ற பிரிட்டிஷ் எச்.ஆர். அமைப்பின் மூன்றாம் நிலைச் சான்றிதழிலிருந்து தொடங்கலாம். மூன்று சான்றிதழை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறவர்களைப் பார்க்கிறேன், வேண்டாம். ஒன்று போதும். மிச்ச நேரத்தில் எக்ஸெல் கற்றுக்கொள்ளுங்கள்: பட்டியலில் தேடி எடுக்கும் வி-லுக்அப்பும், தொகுத்துக் காட்டும் பிவோட் டேபிளும் தெரியாமல் எச்.ஆர். அலுவலகத்தில் ஒரு வாரம் ஓட்டுவதே கஷ்டம்.

இதையெல்லாம்விட முக்கியம் உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டம். ராணுவச் சட்டம் தெரிந்தவர் இதையும் சுலபம் என்று நினைத்துவிடுவார், ஆனால் அடிப்படையே வேறு. தொழிற்சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கம் சேரும் உரிமை பற்றிய ஐ.எல்.ஓ.வின் (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 87-ஆவது உடன்படிக்கை (1948), அந்த உரிமை ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் எந்த அளவு பொருந்தும் என்பதை அந்தந்த நாட்டுச் சட்டத்துக்கே விட்டுவிட்டது. அதனால் சேவையில் சங்கம் என்ற ஒன்றையே பார்க்காமல் வந்திருப்பீர்கள். இங்கே சங்கத் தலைவர் எதிரே உட்கார்ந்து குரலை உயர்த்துவார், அது கீழ்ப்படியாமை இல்லை, அவர் வேலையே அதுதான். வேலை நேரம், ஓவர்டைம், பணிநீக்கம், பாலியல் தொல்லைப் புகார் இந்த நான்கையும் முதலில் படியுங்கள்.

இடையில் ஒரு விஷயம், தைரியத்துக்காக. ஆளைத் தேர்ந்தெடுக்கும் முறைகளில் பல ராணுவத்திலிருந்து வந்தவைதான். 1917-18-இல் அமெரிக்க ராணுவம் லட்சக்கணக்கானவர்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று எழுத்துத் தேர்வும் படத் தேர்வும் வைத்தது. 1942-இல் பிரிட்டிஷ் ராணுவத் தேர்வுக் குழுக்கள், தலைவர் என்று யாரையும் நியமிக்காமல் ஒரு குழுவிடம் வேலையைக் கொடுத்து யார் என்ன செய்கிறார்கள் என்று ஓரமாக நின்று பார்த்தன. 1956-இல் ஏ.டி.அண்ட்.டி. என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் அதே வகை முறையை மேலாளர்கள் விஷயத்தில் எடுத்துக்கொண்டது, இன்று 'அசெஸ்மென்ட் சென்டர்' என்கிறார்கள். அதிகாரித் தேர்வுக்குப் போனவர் என்றால் நீங்களே அதற்குள் உட்கார்ந்து எழுந்தவர். இன்டர்வியூவில் இதைச் சொல்லலாம், பாடம் எடுக்காமல்.

இன்டர்வியூவில் நம்மவர்கள் சறுக்குவது "நாங்கள்" என்ற சொல்லில். நாங்கள் செய்தோம், நாங்கள் முடித்தோம். படையில் அது பண்பு. இங்கே கேட்கிறவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிய வேண்டும், அதனால் கூச்சப்படாமல் "நான்" என்று சொல்லுங்கள். சூழ்நிலை, உங்கள் பொறுப்பு, செய்தது, விளைவு என்ற வரிசையில் ஐந்தாறு சம்பவங்களைத் தயார் செய்து வையுங்கள். சண்டைக் கதை வேண்டாம். வீட்டுப் பிரச்சினையால் வேலையில் கோட்டைவிட்ட பையனிடம் எப்படிப் பேசி வழிக்குக் கொண்டுவந்தீர்கள் என்ற கதை போதும், எச்.ஆரில் தினமும் அதுதான் வரும்.

சேர்ந்த பிறகு கை பழைய பழக்கத்துக்கே போகும். ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து தாமதமாக வருகிறார் என்று வையுங்கள். பழைய இடத்தில் அங்கேயே நிறுத்தி, எல்லார் முன்னாலும் நாலு வார்த்தை விட்டிருப்பீர்கள். இங்கே முதலில் அவருடைய மேனேஜரிடம் பேச வேண்டும், அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு அவரிடம் காரணம் கேட்க வேண்டும், கேட்டதைத் தேதி போட்டு எழுதி வைக்க வேண்டும், போன வருடம் இதே தவறைச் செய்த இன்னொருவருக்கு என்ன செய்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். இழுவைதான். ஆனால் பின்னால் வழக்கு என்று வந்தால் அந்தக் காகிதம்தான் நிற்கும்.

உங்களைவிடப் பத்து வயது சின்னவர் மேலதிகாரியாக இருப்பார், அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார். முதல் மாதம் நாக்கு வராது, "சார்" என்றே வரும், பரவாயில்லை. வேலை முடிவாகும் முன் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டுவிடுங்கள்: "முதல் மூன்று மாதத்தில் நான் எதை முடித்திருந்தால் உங்களுக்குத் திருப்தி?" பதில் சொல்லத் திணறினார் என்றால், அந்த வேலை என்னவென்று அவருக்கே இன்னும் தெரியவில்லை, சம்மதம் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேளுங்கள்.