பரிசு விகிதம் குறையும்போது பிரீமியம் பாண்டுகளை வைத்திருக்கலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டன் அரசின் சேமிப்பு நிறுவனமான என்.எஸ். அண்ட் ஐ. வெளியிடும் பிரீமியம் பாண்டுகளுக்கு வட்டி கிடையாது. பாண்டு வைத்திருப்போர் அனைவருக்கும் சேர வேண்டிய வட்டியை ஒரே நிதியாகத் திரட்டி, மாதந்தோறும் குலுக்கல் நடத்தி, 25 பவுண்டு முதல் பத்து லட்சம் பவுண்டு வரையிலான பரிசுகளாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். 1956-இல் அன்றைய நிதியமைச்சர் ஹெரால்ட் மேக்மில்லன் அறிவித்த இந்தத் திட்டத்தின் முதல் குலுக்கல் 1957 ஜூன் மாதம் நடந்தது. அன்று முதல் இன்று வரை இதற்குள்ள ஈர்ப்புக்குக் காரணம், போட்ட பணத்துக்கு அரசின் முழு உத்தரவாதம் இருப்பதும், பரிசுக்கு அந்நாட்டில் வரி இல்லாததும்தான். ஆனால் 2023 செப்டம்பரில் 4.65 சதவீதமாக இருந்த பரிசு நிதி விகிதம், அதாவது மொத்தப் பாண்டுத் தொகையில் ஆண்டுக்குப் பரிசாகப் போகும் பங்கு, படிப்படியாக இறங்கி, 2025 ஆகஸ்டில் 3.6 சதவீதத்துக்கு வந்தது. அப்போது ஒரு பவுண்டு பாண்டு ஒன்று ஒரு குலுக்கலில் பரிசு பெறும் வாய்ப்பு 22,000-இல் ஒன்று. கீழே வரும் கணக்குகள் எல்லாம் இந்த விகிதத்தை வைத்துப் போடப்பட்டவை.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான தவறு, 3.6 சதவீதம் என்பதை வட்டியாக எடுத்துக்கொள்வதாகும். அது மொத்த நிதிக்குரிய சராசரி. தனி ஒருவரின் கைக்கு வரும் தொகை அன்று. ஆயிரம் பவுண்டுக்குப் பாண்டு வைத்திருப்பவரை எடுத்துக்கொள்வோம். சராசரிப்படி அவருக்கு ஆண்டுக்கு 36 பவுண்டு வர வேண்டும். ஆனால் 36 பவுண்டு என்று ஒரு பரிசே கிடையாது. வந்தால் 25, 50, 100 என்றுதான் வரும், வராவிட்டால் ஒன்றும் வராது. ஆயிரம் பாண்டுகள், பன்னிரண்டு குலுக்கல்கள், 22,000-இல் ஒரு வாய்ப்பு என்று பெருக்கிப் பார்த்தால், இவரைப் போன்ற நூறு பேரில் ஏறத்தாழ 58 பேருக்கு அந்த ஆண்டு முழுவதும் ஒரு பரிசுகூட விழாது. இரண்டாயிரம் பவுண்டு வைத்திருப்போரிலும் மூவரில் ஒருவர் வெறுங்கையோடுதான் ஆண்டை முடிப்பார். பத்தாயிரம் பவுண்டு வைத்திருந்தால் ஆண்டுக்குச் சராசரியாக ஐந்து பரிசுகள் எதிர்பார்க்கலாம். உச்சவரம்பான ஐம்பதாயிரத்தை வைத்திருந்தால் அது இருபத்தேழு ஆகும். அந்த நிலையில்தான் குலுக்கல் ஓரளவு வருமானம் போல நடந்துகொள்ளத் தொடங்குகிறது. அப்போதும் பெரும்பாலானோருக்கு 3.6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். ஏனெனில் அந்தச் சராசரியை மேலே இழுப்பவை மிகச் சிலருக்கு மட்டுமே விழும் பெரிய பரிசுகள்.

அந்தப் பெரிய பரிசை நம்பிச் சிறு தொகையைப் பல ஆண்டுகள் முடக்கி வைப்பது என்னை மிகவும் வருத்தும் தவறு. புழக்கத்தில் உள்ள பாண்டுகள் சுமார் 13,000 கோடி. மாதந்தோறும் பத்து லட்சம் பவுண்டுப் பரிசு இரண்டு. ஐம்பதாயிரம் பாண்டுகளும் வைத்திருக்கும் ஒருவருக்கே அது கிடைக்கச் சராசரியாக ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேலாகும் என்றால், நூறு, இருநூறு வைத்திருப்பவரின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. இடைப்பட்ட காலத்தில் விலைவாசி ஏறுகிறது. பரிசு விழாத பாண்டின் மதிப்போ அப்படியே நிற்கிறது. குழந்தையின் பெயரில் தாத்தா பாட்டி வாங்கிக் கொடுத்த நூறு பவுண்டை அன்பின் அடையாளமாக வைத்திருக்கட்டும், அதில் குறையில்லை. குடும்பத்தின் அவசரத் தேவைக்கான ஆயிரம், இரண்டாயிரத்தை அங்கே வைத்திருப்பது வேறு விஷயம்; அதற்கு நல்ல வட்டி தரும் சேமிப்புக் கணக்கே பொருத்தமானது.

விகிதம் குறைந்தது என்ற செய்தியைக் கண்டவுடன் பழைய விகிதத்தோடு ஒப்பிட்டுப் பணத்தை எடுத்துவிடுவதும் தவறே. பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் வட்டி விகிதம் 2024 ஆகஸ்டிலிருந்து இறங்கத் தொடங்கி, ஓராண்டில் 5.25-இலிருந்து 4 சதவீதத்துக்கு வந்தது. மற்ற கணக்குகளின் வட்டியும் உடன் இறங்கியது. ஆகவே 4.65 எங்கே, 3.6 எங்கே என்று ஒப்பிடுவதால் பயனில்லை. இன்று இந்தப் பணத்தை எடுத்து வேறு எங்கே வைத்தால், வரி போக எவ்வளவு கிடைக்கும் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அந்த 'வரி போக' என்ற இடத்தில்தான் பலருடைய கணக்கு பிசகுகிறது. பரிசுக்கு வரி இல்லை என்பதைப் பெரிய சலுகையாக எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அடிப்படை விகிதத்தில் வரி கட்டுபவருக்கு ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு வரையிலான சேமிப்பு வட்டிக்கு ஏற்கெனவே வரி இல்லை. 4 சதவீதக் கணக்கில் 25,000 பவுண்டு வைத்திருந்தாலும் அவர் ஒரு பென்னி வரி கட்ட வேண்டியதில்லை. ஐசா என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்துக்கும் அப்படியே. இவர்களுக்கு வரியில்லாப் பரிசு புதிதாக எதையும் தந்துவிடவில்லை. 40 சதவீதம் கட்டுபவரின் விலக்கு 500 பவுண்டு மட்டுமே, 45 சதவீதம் கட்டுபவருக்கு விலக்கே இல்லை. விலக்கையும் ஐசா வரம்பையும் தீர்த்துவிட்ட 40 சதவீதக்காரருக்கு, வரியில்லாத 3.6 சதவீதம் என்பது வரியுள்ள 6 சதவீதத்துக்குச் சமம். அத்தகையவர், பெருந்தொகையாக வைத்திருக்கும் பட்சத்தில், விகிதம் இறங்கியது என்பதற்காக மட்டும் வெளியேறுவது சரியன்று என்பதே என் கருத்து. 2027 ஏப்ரல் முதல் சேமிப்பு வட்டி மீதான வரி இரண்டு சதவீதப் புள்ளிகள் உயரவிருப்பதையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு செய்தி: பரிசுக்கான இந்த வரிவிலக்கு பிரிட்டனுக்குள் மட்டுமே செல்லும். ஓய்வுக்குப் பின் தமிழ்நாட்டுக்கோ வேறு நாட்டுக்கோ திரும்பியவர்கள், அந்நாட்டு வரிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத் தனியாக விசாரித்துக்கொள்ள வேண்டும்.

பழைய பாண்டுகளுக்குப் பரிசு விழுவதில்லை என்று நம்பி, அவற்றைப் பணமாக்கிப் புதிதாக வாங்குவோரும் இருக்கிறார்கள். எர்னி என்ற குலுக்கல் இயந்திரத்துக்கு எல்லா எண்களும் ஒன்றுதான். புதிய பாண்டுகள் எண்ணிக்கையில் மிகுதி என்பதால் அவை அதிகம் வெல்வதுபோலத் தெரிகிறது, அவ்வளவே. இதனால் உண்மையான நட்டமும் உண்டு. வாங்கிய மாதத்துக்கு அடுத்த மாதம் முழுவதும் வைத்திருந்த பின்னரே பாண்டு குலுக்கலில் சேரும். செப்டம்பர் இறுதியில் வாங்கியது நவம்பர் குலுக்கலுக்கு வரும். அக்டோபர் முதல் தேதி வாங்கியதோ டிசம்பர் வரை காத்திருக்கும். அந்த இரண்டு மாதமும் பணம் சும்மா கிடக்கிறது. எனவே வாங்குவதானால் மாதக் கடைசியில் வாங்குவதே நல்லது.

வெளியேற முடிவு செய்தவர்கள் இரண்டைக் கவனிக்கலாம். முகவரி மாறியிருந்தால் முதலில் பழைய பரிசுகளைச் சரிபாருங்கள். கோரப்படாத பரிசுகளுக்குக் காலவரம்பு இல்லை. அடுத்து, குலுக்கல் மாதத் தொடக்கத்தில் நடப்பதால், இருபத்தெட்டாம் தேதி அவசரப்பட்டு எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு மாத வாய்ப்பு வீணாகும். அடுத்த குலுக்கல் முடிந்தபின் பணம் தரும்படி விண்ணப்பிக்கும்போதே கேட்டுக்கொள்ள வசதி இருக்கிறது.