நெல் அறுவடைக்குப் பெல்ட் வண்டியா, டயர் வண்டியா? வாடகைக்கு எடுக்கும் முன் ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

தை பிறந்துவிட்டால் டெல்டாவில் சம்பாவும் தாளடியும் அடுத்தடுத்து அறுவடைக்கு வந்துவிடுகின்றன. அந்த நெருக்கடியில், நெல்லை அறுத்து அடித்துத் தரும் வண்டிக்காக இயந்திரத் தரகரிடம் நாம் கேட்பது பெரும்பாலும் மணிக்கு எவ்வளவு வாடகை என்பதை மட்டுமே. ஏக்கருக்கு எத்தனை கிலோ நெல் தரையில் போகிறது என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், மலிவான வண்டி என்று எண்ணியது பல நேரங்களில் விலை உயர்ந்ததாகிவிடும். அந்தக் கணக்கைப் போடும் முறையே இந்தப் பதிவு. நெல் முற்றியதைக் கண்டறிவது, அறுவடைக்கு முன் தண்ணீரை வடிப்பது போன்றவை விவசாயிகள் அறிந்தவையாதலால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

படி 1: நிலம் தாங்குமா?

வயலில் நடந்து பாருங்கள். குதிகால் பதிந்து குழியில் நீர் ஊறினால் டயர் வண்டியைப் பற்றி மேலும் யோசிக்க வேண்டியதில்லை. பெல்ட் வண்டியின் எடை நீண்ட ரப்பர் பட்டையில் பரவுவதால் அது ஈர வயலில் அமிழாமல் செல்கிறது. வயல் நன்கு காய்ந்து, வரப்புகள் தொலைவில் இருந்தால், 14 அடி அகலம் அறுக்கும் டயர் வண்டி வேலையை விரைவில் முடித்துவிடும். பெல்ட் வண்டிகள் பொதுவாக 2 மீட்டர் அளவே அறுக்கும். ஆனால் சிறு வயல்களில் மூலைக்கு மூலை திரும்புவதிலேயே டயர் வண்டியின் வேகம் கரைந்துவிடுகிறது.

படி 2: கதிரடிக்கும் உருளை எந்த வகை?

வெளியில் தெரியும் பெல்ட்டையும் டயரையும்விட, உள்ளே இருக்கும் இந்த உருளையே முதன்மையான வேறுபாடு. பஞ்சாபின் கோதுமை வயல்களுக்கென வளர்ந்த டயர் வண்டிகள் பலவற்றில், தாள் உருளைக்கும் அதன் அடியிலுள்ள வளைந்த சல்லடைக்கும் இடையே ஒரே முறை கடந்து பின்னால் போகிறது. தாளில் தங்கிய மணிகளை, குலுங்கும் நீண்ட தட்டுகள் உதிர்க்கின்றன. காய்ந்த கோதுமைத் தாளுக்கு இது மிகப் பொருத்தமான அமைப்பு. ஈரமான நெல் தாளோ அந்தத் தட்டுகளின் மேல் பாய்போல் படிந்து, மணிகளைக் கீழே விடாமல் வெளியே எடுத்துச் சென்றுவிடுகிறது.

குபோட்டா டிசி-68ஜி போன்ற பெல்ட் வண்டிகளில் தாள், முனைகள் பதித்த உருளையைச் சுற்றித் திருகாகப் பலமுறை சுழன்று நகர்கிறது. மணி பிரிய அதிக நேரம் கிடைப்பதால் ஈரத் தாளிலும் நெல் நன்றாக உதிர்கிறது. எஞ்சினுக்குச் சுமை கூடுவதும், வைக்கோல் அதிகம் நொறுங்குவதும் அதற்கு நாம் கொடுக்கும் விலை. டெல்டாவுக்கு என் தேர்வு ஐயமின்றி இந்த வகையே. ஜப்பானில் கதிரை மட்டும் உள்ளே செலுத்தித் தாளை முழுதாக வெளியே விடும் வண்டிகளும் உண்டு. வைக்கோலுக்கு அதுவே சிறந்தது என்றாலும், நம் பகுதியில் வாடகைக்குக் கிடைக்காத ஒன்றை ஒப்பிட்டுப் பயனில்லை.

படி 3: இழப்பை அளத்தல்

பலரும் தடுமாறும் இடம் இது. வண்டிக்குப் பின்னால் விழுந்த வைக்கோல் வரிசையின் அடியில் ஒரு சதுர மீட்டரை அளந்து மணிகளை எண்ணினால், இழப்பு ஏறத்தாழ இரு மடங்காகத் தெரியும். 2 மீட்டர் அகலத்தில் அறுத்த தாளையும் பதரையும் வண்டி சுமார் ஒரு மீட்டர் அகலத்தில் கொட்டுவதே அதற்குக் காரணம். எனவே அளக்கும் சட்டம் அறுவடை அகலம் முழுவதையும் குறுக்கே தழுவ வேண்டும். 2 மீட்டர் வண்டிக்கு, குறுக்கே 2 மீட்டரும் நீளவாக்கில் அரை மீட்டரும் வைத்துக் கயிறு கட்டினால் சரியாக ஒரு சதுர மீட்டர். கடையில் விற்கும் இரும்புச் சட்டங்கள் தேவையில்லை. நான்கு குச்சியும் ஒரு கயிறும் போதும்.

மூன்று இடங்களில் எண்ணுங்கள். முதலாவது, இன்னும் அறுக்காத பயிரின் அடியில் தானாக உதிர்ந்தவை. இரண்டாவது, ஓடும் வண்டியை நிறுத்திச் சிறிது பின்னால் எடுக்கச் சொல்லி, அறுத்த பிறகும் வைக்கோல் விழாமல் இருக்கும் பகுதி. மூன்றாவது, வைக்கோல் விழுந்த பகுதி. இங்கே வைக்கோலை உதறி, அதில் சிக்கிய மணிகளையும் அடிபடாத கதிர்களையும் சேர்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக இவை முறையே 40, 140, 640 மணிகள் என்று கொள்வோம். வெட்டும் பகுதியில் இழப்பு 100, உள்ளே அடித்துத் தூற்றுவதில் 500, ஆக வண்டியின் இழப்பு 600. ஆயிரம் மணிகள் 20 கிராம் எடையுள்ள இரகமானால் இது 12 கிராம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால் இழப்பு சுமார் 48 கிலோ; கிலோ 25 ரூபாய் என்றால் 1,200 ரூபாய். பிபிடி 5204 போன்ற சன்ன இரகத்தில் மணி எடை குறைவாதலால், உங்கள் நெல்லிலேயே ஆயிரம் மணிகளை எண்ணி நிறுத்துக்கொள்ளுங்கள். கிராம் காட்டும் சிறிய மின்னணுத் தராசு இருந்தால், எண்ணும் வேலையே வேண்டாம்.

எண்ணிக்கை எங்கே கூடுகிறது என்பதைப் பொறுத்து ஓட்டுநரிடம் பேசலாம். வெட்டும் பகுதியில் கூடினால், பயிரை வண்டிக்குள் தள்ளும் ரீல் சுற்றும் வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். அடிபடாத கதிர்கள் வந்தால் உருளையின் வேகமோ, உருளைக்கும் சல்லடைக்கும் உள்ள இடைவெளியோ சரியில்லை. தாளோடு முழு மணிகள் போனால் வண்டி அளவுக்கு மீறிய வேகத்தில் ஓடுகிறது. தொட்டியில் உமி நீங்கிய அரிசி தென்பட்டால் உருளை மிக வேகமாகச் சுற்றுகிறது.

படி 4: மணிநேரக் கணக்கை ஏக்கர் கணக்காக்குதல்

வாடகையை மணிக்கு எனப் பேசினாலும், ஓர் ஏக்கருக்கு எத்தனை நிமிடம் என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து, அந்தத் தொகையோடு படி 3-இன் இழப்பைக் கூட்டுங்கள். தொட்டி நிரம்பி நெல்லைக் கொட்டும் நேரமும் வாடகைக் கணக்கில் சேருமா, லாரியிலிருந்து வண்டி இறங்கி வயலுக்கு வரும் நேரம் யார் கணக்கு என்பவற்றை முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. வேளாண்மைப் பொறியியல் துறையின் வண்டிகளும் வாடகைக்கு உண்டு. கிடைத்தால் அந்த வாடகையோடும் ஒப்பிடுங்கள்.

விதைநெல்லுக்காக அறுப்போர், முந்தைய வயலின் நெல் தொட்டியிலும், நெல்லைத் தொட்டிக்குத் தூக்கும் ஏற்றியிலும் தங்கியிருக்கும் என்பதால், சுத்தம் செய்த பிறகே வண்டியை இறக்க வேண்டும்.

சேர்க்கை: சேற்று வயலில் மணிகள் புதைந்துவிடுவதால் எண்ண முடியவில்லை என்று சிலர் எழுதியிருந்தனர். இருவர் ஒரு தார்ப்பாயைப் பிடித்தபடி வண்டியின் பின்னால் நடந்து, 5 மீட்டர் தூரத்துக்கு விழும் தாளையும் பதரையும் முழுவதும் ஏந்திக்கொள்ளுங்கள். அது 10 சதுர மீட்டரின் பின்பக்க இழப்பு. உதறி, தூற்றி, நிறுத்துப் பத்தால் வகுத்தால் போதும். தாளை நறுக்கும் கத்தி பொருத்திய வண்டியானால் அந்தக் கத்தியை நிறுத்தாமல் அருகே போகக் கூடாது.

மற்றொரு சேர்க்கை: அறுவடைக்கு முன்பே உளுந்து தெளித்தவர்களுக்கு, பெல்ட் திரும்பும் இடங்களில் முளைத்த செடிகள் நசுங்கிவிடுகின்றன. வயலின் இரு முனைகளிலும் திரும்பும் இடத்தை முன்பே ஒதுக்கி, அங்கு அறுவடைக்குப் பிறகு மீண்டும் விதையுங்கள். வைக்கோல் வரிசையையும் அன்றைக்கே கலைத்துவிடுங்கள், இல்லையேல் அதன் அடியில் உள்ள முளை வெளுத்துச் சாய்ந்துவிடும்.