உலர் சானாவா, நீராவி அறையா?

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்து விடுதிகளில் இரண்டும் இருந்தால், சளியும் மூக்கடைப்பும் உள்ளவர்கள் நீராவி அறைக்கும், தசைவலி உள்ளவர்கள் உலர் சானாவுக்கும் (சூடான உலர்காற்றில் அமர்ந்து வியர்க்கும் அறை) செல்லலாம் என்பது என் கருத்து. சானாவில் வெப்பம் 70 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருந்தாலும், காற்று உலர்ந்திருப்பதால் வியர்வை விரைவாக ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. நீராவி அறையிலோ வெப்பம் 45 டிகிரி அளவிலேயே இருந்தும், ஈரப்பதம் 100 சதவீதத்தை நெருங்குவதால், ஐப்பசி மழைக்கு முந்தைய டெல்டாப் புழுக்கத்தைப் போல வியர்வை உலராமல் தோலிலேயே வழியும். 2015-இல் வெளியான பின்லாந்து ஆய்வில், அடிக்கடி சானா சென்ற ஆண்களிடம் இதயநோய் மரணம் குறைவாகக் காணப்பட்டது. எதுவாயினும் 10 முதல் 15 நிமிடங்களுக்குள் வெளியே வந்து, தண்ணீரோ நீர்மோரோ பருகுங்கள். கர்ப்பிணிகளும் இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இரண்டிலும் நுழைய வேண்டாம்.